அந்த ஆர்டர் எனக்கா, பிஸ்கட்டுக்கா?

2015 ஆகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமை. திண்டுக்கல் நாகல்நகர் பக்கம் ஒரு மளிகைக் கடை. நான் வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது வாரம். அன்றைய பீட்டில், அதாவது ஒரு நாளில் ஏறி இறங்க வேண்டிய கடை வரிசையில், 42 கடைகள், இது இருபத்தெட்டாவது. முதுகோடு ஒட்டிய சட்டையும் கையில் புது பிஸ்கட் பாக்கெட்டுமாக நின்று, பயிற்சியில் சொல்லிக்கொடுத்ததை வரி பிசகாமல் ஒப்பித்துக்கொண்டிருந்தேன். கடைக்காரர் சில்லறை எண்ணிக்கொண்டே முழுவதும் கேட்டார். நான் முடித்ததும், "தம்பி, நல்லாத்தான் பேசுறீங்க. ஆனா நீங்க பேசலைன்னாலும் ரெண்டு கேஸ் எடுத்திருப்பேன். பிள்ளைக அதைத்தான் கேட்டு வருதுக" என்றார்.

வெளியே வந்து பைக்கில் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். இரண்டு கேஸ் பில் ஆகிவிட்டது. டார்கெட் கொஞ்சம் குறைந்திருக்கிறது. ஆனால் அந்த ஆர்டர் கிடைத்தது எனக்கா, பிஸ்கட்டுக்கா?

பத்து வருடம் ஓடிவிட்டது. பெரிய கம்பெனியில் சேரலாமா, ஸ்டார்ட்அப்பில் சேரலாமா என்று யாராவது கேட்டால் இன்றும் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அந்தக் கடைதான்.

எங்கள் ஊர் அருப்புக்கோட்டை. அப்பாவுக்குச் சின்னதாக ஒரு மளிகைக் கடை. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் நானும் அங்கேதான் இருப்பேன். அதனால் சேல்ஸ்மேன்களை நான் கல்லாவின் உள்பக்கம் இருந்து பார்த்து வளர்ந்தவன். அப்பாவின் கணக்கில் அவர்கள் இரண்டே வகை. உள்ளே வந்ததும் ஆர்டர் புத்தகத்தைத் திறப்பவன் ஒருவன். வந்ததும் ரேக்கைப் பார்ப்பவன் இன்னொருவன். இந்த இரண்டாமவன் தேதி முடியப்போகும் பாக்கெட்டுகளை முன்வரிசைக்கு எடுத்து வைப்பான், உடைந்ததைத் தனியாக ஒதுக்குவான், அப்புறம்தான் ஆர்டர் கேட்பான். அவனுக்கு மட்டும் டீ வரும்.

மதுரையில் எம்.பி.ஏ. முடித்தபோது என் கையில் இரண்டு வேலை இருந்தது. ஒன்று, எல்லா வீட்டிலும் சரக்கு இருக்கும் பெரிய நுகர்பொருள் நிறுவனம். வருடத்துக்கு 4.2 லட்சம் சி.டி.சி. (கம்பெனி நமக்காகச் செய்யும் எல்லாச் செலவும் சேர்த்த சம்பளக் கணக்கு), திண்டுக்கல்லில் போஸ்டிங். இன்னொன்று, சென்னை பெருங்குடியில் ஏழு பேர் மட்டும் இருந்த ஒரு ஸ்டார்ட்அப். கடைகளுக்கு பில்லிங் சாஃப்ட்வேர் விற்க வேண்டும். மாதம் 18,000 ரூபாய், "இன்சென்டிவுக்கு உச்சவரம்பே கிடையாது". எனக்குப் படிப்புக் கடன் மூன்றரை லட்சம் இருந்தது. அப்பா இரண்டு கடிதங்களையும் பார்த்துவிட்டு, "இவங்க சரக்கு நம்ம கடையில இருக்கு. அவங்க என்ன விக்கிறாங்கன்னே எனக்குப் புரியல" என்றார். எங்கள் வீட்டில் நடந்த ஆலோசனை அவ்வளவுதான். முடிவு சரியான முடிவு என்றே இன்றும் நினைக்கிறேன். காரணம்தான் சரியில்லை.

பெரிய கம்பெனி சம்பளத்தோடு சேர்த்து ஒரு ஒழுங்கையும் கொடுத்தது. காலை எட்டரைக்கு டிஸ்ட்ரிபியூட்டர் கோடவுனில் இருக்க வேண்டும். எத்தனை கடை ஏறினாய், எத்தனை கடையில் பில் ஆனது, ஒரு பில்லில் எத்தனை அயிட்டம் என்று மாலையில் எண் சொல்ல வேண்டும். முதல் மூன்று மாதம் நானே பீட் போனேன். பிறகு மூன்று டிஸ்ட்ரிபியூட்டர்களையும் ஒன்பது சேல்ஸ்மேன்களையும் கொடுத்தார்கள். அந்த ஒன்பது பேர் இருந்ததுதான் பெரிய லாபம். ஒரே சரக்கு, ஒரே ஸ்கீம் (கடைக்காரருக்குக் கம்பெனி தரும் சலுகை), ஒரே ஊர். ஆனால் ஒருவன் 40 கடை ஏறி 30-ல் பில் போடுவான், இன்னொருவன் 15-ல் நிற்பான். எங்கே வித்தியாசம் என்று பக்கத்தில் நின்றே பார்க்கலாம். பின்னால் ஒரு ஸ்டார்ட்அப்பில் தனியாக உட்கார்ந்திருந்தபோதுதான் அந்த வசதியின் அருமை தெரிந்தது.

டிஸ்ட்ரிபியூட்டரின் கணக்கும் அங்கேதான் புரிந்தது. எங்கள் லைனில் அவருக்கு நின்ற மார்ஜின் 5 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே. அதில் வண்டி, டிரைவர், கோடவுன் வாடகை, எக்ஸ்பைரி எல்லாம் போக வேண்டும். கம்பெனி அறிவிக்கும் ஸ்கீமை அவர் தன் கைக்காசில் கடைக்காரருக்குக் கொடுத்துவிட்டு, அந்தப் பணத்தைக் கம்பெனியிடம் கேட்டு கிளெய்ம் போட்டுக் காத்திருப்பார். இரண்டு மாதம், மூன்று மாதம், சில நேரம் அதற்கும் மேல்.

இந்தத் தொழிலில் பிரைமரி, செகண்டரி என்று இரண்டு சொல் உண்டு. கம்பெனி டிஸ்ட்ரிபியூட்டருக்கு விற்பது பிரைமரி. அவர் கடைக்கு விற்பது செகண்டரி. எங்கள் இன்சென்டிவில் பெரும்பங்கு பிரைமரியில் இருந்தது. அதனால் மாதத்தின் கடைசி மூன்று நாளும் லாரி அனுப்புவதுதான் வேலை. கடையில் விற்றதா என்று யாரும் கேட்பதில்லை. "ஏத்திவிடு, அடுத்த மாசம் பார்த்துக்கலாம்" என்பார் ஏரியா மேனேஜர்.

2016 நவம்பர் 8 இரவு 500, 1000 நோட்டு செல்லாது என்று அறிவிப்பு வந்தது. மறுநாள் என் டிஸ்ட்ரிபியூட்டர்களிடம் வசூல் என்று ஒன்றுமே இல்லை. மளிகை மொத்த வியாபாரம் அந்தக் காலத்தில் பெரும்பாலும் ரொக்கம். ஆனாலும் அந்த மாத டார்கெட் அசையவில்லை. அடுத்த ஆண்டு ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்தது. கையிருப்புச் சரக்குக்கு வரி வரவு எப்படிக் கிடைக்கும் என்ற பயத்தில் ஜூன் மாதம் முழுக்க யாரும் சரக்கு எடுக்கவில்லை. இருப்பதைத் தீர்ப்பதிலேயே குறியாக இருந்தார்கள். அப்போதும் ஜூன் 28-ஆம் தேதி எனக்கு போன் வந்தது. பழனி ரோட்டில் கோடவுன் வைத்திருந்த டிஸ்ட்ரிபியூட்டர் என்னை உட்கார வைத்து, "தம்பி, உங்க வேலை எனக்குத் தெரியுது. லாரியை அனுப்புனா இறக்கிக்கிறேன். ஆனா இனிமே என்னை அண்ணேன்னு கூப்பிடாதீங்க" என்றார். லாரியை அனுப்பினேன். அந்த மாத இன்சென்டிவ் 11,400 ரூபாய். தொகை இன்னும் மறக்கவில்லை.

2018 மார்ச்சில் அந்த வேலையை விட்டேன். லாரிக் கதை மட்டும் காரணமில்லை. அடுத்த புரமோஷனுக்கு எனக்கு முன்னால் பதினோரு பேர் வரிசையில் இருந்தார்கள். நாகல்நகர் கடைக்காரர் கிளப்பிவிட்ட கேள்வியும் அப்படியே இருந்தது. பெயர் தெரியாத ஒரு பொருளை என்னால் விற்க முடியுமா?

விடும்போது ஒரு சின்ன பாடம். என் சி.டி.சி.யில் கிராஜுவிட்டி (பணிக்கொடை) என்று அடிப்படைச் சம்பளத்தில் 4.81 சதவீதம் எழுதியிருந்தார்கள். வருடத்துக்கு 15 நாள் சம்பளம், அதை மாதம் 26 நாள் கணக்கில் வகுத்தால் வருவது அந்த எண். ஐந்து வருடம் முடிக்காமல் ராஜினாமா செய்ததால் ஒரு பைசா வரவில்லை. இளம் வயதில் இரண்டு மூன்று வருடத்தில் மாறப்போகிறவர்கள் ஆஃபர் லெட்டரைப் பார்க்கும்போது அந்த வரியை மனதுக்குள் அடித்துவிட்டுக் கூட்டிப் பார்ப்பது நல்லது.

புது இடம் சென்னை தரமணி பக்கம். 26 பேர். டிஸ்ட்ரிபியூட்டரின் சேல்ஸ்மேன்கள் போனிலேயே ஆர்டர் எடுக்க ஒரு செயலி. எனக்குத் தெரிந்த உலகம்தான். ஒரு மாதத்தில் கொடி நாட்டிவிடலாம் என்று நினைத்தேன்.

முதல் 70 நாள் ஒரு விற்பனையும் இல்லை.

தினமும் 60 போன். "எந்தக் கம்பெனி? லோனா?" என்பார்கள். பழைய கம்பெனியில் என் பெயரைக்கூடச் சொல்ல வேண்டாம், பிராண்ட் பெயரைச் சொன்னாலே நாற்காலி வரும். இங்கே முதல் பத்து நொடியைத் தாண்டுவதே பெரும்பாடு. அதைவிடக் கொடுமை, என்ன தப்பு என்று கண்டுபிடிக்க வழி இல்லை. நான் பேசுவது சரியில்லையா, செயலி சரியில்லையா, விலை கூடவா, இப்படி ஒன்று யாருக்குமே தேவையில்லையா? ஒப்பிட்டுப் பார்க்க பக்கத்து பீட்டில் இன்னொருவன் கிடையாது. பெரிய கம்பெனியில் ஜெயித்தபோது ஜெயித்தது யார் என்று தெரியவில்லை; இங்கே தோற்கும்போது தோற்பது யார் என்று தெரியவில்லை. கல்லூரி முடித்த கையோடு பெருங்குடி வேலைக்குப் போயிருந்தால், தப்பு முழுக்க என்னுடையது என்று முடிவுகட்டி, சேல்ஸே வேண்டாம் என்று ஓடியிருப்பேன். அப்படி ஓடியவர்களை நிறையவே பார்த்துவிட்டேன்.

திருப்பம் ஈரோட்டில் வந்தது. மணிக்கூண்டு பக்கம் ஒரு டிஸ்ட்ரிபியூட்டர். சோப்பு, பிஸ்கட், டீத்தூள் என்று மூன்று கம்பெனி எடுத்து நடத்துகிறார். லேப்டாப்பைத் திறந்து காட்டிக்கொண்டிருக்கிறேன், அவர் போனில் யாரையோ திட்டிக்கொண்டிருக்கிறார். மேஜை ஓரத்தில் ரப்பர் பேண்ட் போட்ட ஒரு காகிதக் கட்டு. பார்த்ததுமே தெரிந்தது. லேப்டாப்பை மூடிவிட்டு, "கிளெய்ம் எத்தனை மாசமா நிக்குதுங்க?" என்று கேட்டேன்.

போனை வைத்துவிட்டார். "நீங்க லைன்ல இருந்தவரா?"

ஒன்றரை மணி நேரம் பேசினார். மூன்று கம்பெனியும் சேர்த்து நான்கு லட்சத்துக்கு மேல் நின்றது. எந்த பில்லுக்கு எந்த ஸ்கீம் கொடுத்தோம் என்பதற்கு ஆதாரம் சரியாக இல்லாததால் பாதி திரும்பி வந்துகொண்டிருந்தது. எங்கள் செயலியில் கிளெய்ம் ரிப்போர்ட் என்று ஒன்று அப்போது கிடையாது. கிடையாது என்றே சொன்னேன். அங்கிருந்தே எங்கள் டெவலப்பருக்கு போன் போட்டேன். பத்து நாளில் கரடுமுரடாக ஒரு ரிப்போர்ட் தயாரானது. அடுத்த முறை போனபோது 18,000 ரூபாய்க்கு செக் எழுதினார், ஒரு வருடச் சந்தா. கடைப் பையனைக் கூப்பிட்டு டீ சொன்னார். என் தொழிலில் இது நானே விற்றது என்று சந்தேகமில்லாமல் சொல்லக்கூடிய முதல் விற்பனை அது.

ஆனால் அந்த விற்பனையைச் சாத்தியமாக்கியது எது? திண்டுக்கல்லில் கிட்டத்தட்ட மூன்று வருடம் கிளெய்ம் காகிதத்தோடு மல்லுக்கட்டியது. சொல்லும் இடத்தில் கேட்க ஆள் இருந்தது, கேட்டதைப் பத்து நாளில் செய்துகொடுக்க இன்னொரு ஆள் இருந்தது, இவை இரண்டும் ஸ்டார்ட்அப் கொடுத்தவை. பெரிய கம்பெனியில் ஒரு பாக்கெட்டின் கலரை மாற்றச் சொல்லி நான் எழுதிய மெயிலுக்கு இன்றுவரை பதில் வரவில்லை.

அடுத்த ஒரு வருடம் நன்றாக ஓடியது. 2019-ல் முதலீடு வந்தது, 26 பேர் 70 பேர் ஆனோம், பெங்களூரிலிருந்து புது சேல்ஸ் தலைவர் வந்தார். டார்கெட் இரண்டு மடங்கு. காலாண்டின் நடுவில் இன்சென்டிவ் விதியை மாற்றி ஒரு மெயில் வந்தது: இனி பில் போட்ட தேதிக்கு இல்லை, பணம் வசூலான தேதிக்குத்தான் கணக்கு. அதற்குள் நான் முடித்திருந்த ஆறு விற்பனை அந்தரத்தில் நின்றது. கேட்டால், "நாமெல்லாம் ஒரு குடும்பம்" என்றார்கள். எங்கள் வீட்டில் என் அத்தை கூட சீட்டுப் பணத்தை எழுதித்தான் வாங்குவார்.

அந்தக் காலாண்டு முடிவில் நானும் ஒரு தப்பு செய்தேன். கரூரில் இரண்டே சேல்ஸ்மேன் வைத்திருந்த ஒரு சின்ன டிஸ்ட்ரிபியூட்டர். அவருக்கு நோட்டுப் புத்தகமே போதும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தே ஒரு வருடச் சந்தாவைத் தலையில் கட்டினேன். மூன்றாவது மாதம் நிறுத்திவிட்டு, பணத்தைத் திருப்பிக் கேட்டார். என் இன்சென்டிவையும் பிடித்தார்கள், அது போகட்டும். பஸ்ஸில் திரும்பும்போது பழனி ரோட்டு அண்ணன் சொன்னது காதில் கேட்டது. லாரிக்குப் பதில் லைசன்ஸ், வேறென்ன? மாதக் கடைசி லோடிங் பெரிய கம்பெனியின் வியாதி, ஸ்டார்ட்அப்பில் எல்லாம் நேர்மை என்று நினைத்து மாறுகிறவர்களிடம் இதைச் சொல்ல நான் தவறுவதில்லை.

2020 மார்ச் 24 இரவு ஊரடங்கு அறிவித்தார்கள். நான் இரண்டு நாள் முன்னாலேயே அருப்புக்கோட்டை வந்திருந்தேன். ஏப்ரலில் பாதிச் சம்பளம். இன்சென்டிவ் பூஜ்யம். வேடிக்கை என்னவென்றால், சேல்ஸ்மேன் நேரில் வர முடியாததால் செயலியின் பயன்பாடு கூடியது. ஆனால் சந்தா கட்ட யாரும் தயாராக இல்லை. வருவதாக இருந்த அடுத்த முதலீடும் நின்றுவிட்டது. என் பழைய கம்பெனி நண்பர்கள் அத்தியாவசியப் பொருள் பாஸ் ஒட்டிய வண்டியில் போய்க்கொண்டிருந்தார்கள், முழுச் சம்பளத்தோடு. அப்பாவின் கடை மதியம் வரை திறக்கலாம். நான் மறுபடியும் கல்லாவின் உள்பக்கம்.

ஜூலையில் வேலை போனது. ஒரு மாதச் சம்பளம் கொடுத்து அனுப்பினார்கள், மரியாதையாகத்தான். அப்புறம் ஒரு நாள் பி.எஃப். பாஸ்புக்கைத் திறந்து பார்த்தால் கடைசி நான்கு மாதத்துக்குப் பணம் ஏறவே இல்லை. சம்பளத்தில் பிடித்திருந்தார்கள், கட்டவில்லை. கேட்டுக் கேட்டு வாங்க எட்டு மாதம் ஆனது. அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும் என்பது சட்டம். எனக்கு அதைப் பார்க்கும் பழக்கமே இல்லாமல் இருந்தது.

இதில் ஒரு உபயோகமான விஷயம் இருக்கிறது. பி.எஃப். பணத்தை நிர்வகிக்கும் அரசு அமைப்பான இ.பி.எஃப்.ஓ.வின் இணையதளத்தில் நிறுவனத் தேடல் என்று ஒரு பகுதி உண்டு. கம்பெனி பெயரைப் போட்டால் எந்தெந்த மாதம் பணம் கட்டினார்கள், எத்தனை ஊழியருக்குக் கட்டினார்கள் என்பது வந்துவிடும். யாரும் பார்க்கலாம், பாஸ்வேர்டு தேவையில்லை. "நாங்க இருநூறு பேர்" என்று இன்டர்வியூவில் சொல்பவர்களின் எண்ணிக்கை அங்கே மாதாமாதம் தேய்ந்துகொண்டே வந்தால் அது ஒரு செய்தி. ஆஃபர் லெட்டரில் கையெழுத்துப் போடும் முன் இந்த ஐந்து நிமிட வேலையைச் செய்துவிடுங்கள். ஸ்டார்ட்அப் சேர்பவர்களுக்குக் கோயிலில் தேங்காய் உடைப்பதைவிட இது முக்கியம்.

இசாப், அதாவது கம்பெனிப் பங்கைப் பின்னால் ஒரு குறிப்பிட்ட விலைக்கு வாங்கிக்கொள்ள ஊழியருக்குத் தரும் உரிமை, பற்றிக் கேட்காதவர்கள் இல்லை. 2021 செப்டம்பரில் ஃப்ரெஷ்வொர்க்ஸ் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் பட்டியலானது. 2010-ல் சென்னையில் ஆரம்பித்த கம்பெனி. அதன் ஊழியர்களில் 500-க்கும் மேற்பட்டவர்கள் கோடீஸ்வரர் ஆனார்கள் என்று செய்தி வந்ததும் எங்கள் பழைய ஆபீஸ் வாட்ஸ்அப் குழு இரண்டு நாள் தூங்கவில்லை. அது உண்மையில் நடந்தது. உழைத்தவர்களுக்குக் கிடைத்தது, சந்தோஷம். என் இசாப் கதை வேறு. நான்கு வருடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக வெஸ்ட் ஆகும் (அந்த உரிமை நம் கைக்கு வரும்), முதல் வருடம் முடியும் முன் விட்டால் ஒன்றும் இல்லை என்பது வழக்கமான ஏற்பாடு. முதல் பங்கு கைக்கு வரக் குறைந்தது ஒரு வருடம் ஆக வேண்டும் என்பது இந்தியச் சட்டத்திலேயே இருக்கிறது. எனக்குப் பாதி வெஸ்ட் ஆகியிருந்தது. வேலை போனதும் 90 நாளுக்குள் காசு கொடுத்து அந்தப் பங்குகளை வாங்கிக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் போய்விடும். வாங்கும்போது பங்கின் அன்றைய மதிப்புக்கும் நாம் கொடுக்கும் விலைக்கும் உள்ள வித்தியாசத்தைச் சம்பளமாகக் கணக்கிட்டு வரியும் உண்டு, விற்கவே முடியாத பங்காக இருந்தாலும். அந்த வரியைத் தள்ளிப்போட 2020 பட்ஜெட்டில் ஒரு சலுகை வந்தது. அது தகுதிச் சான்று பெற்ற சில ஸ்டார்ட்அப்புகளுக்கு மட்டும். கையில் காசும் இல்லை, நான் வாங்கவில்லை. 2022-ல் அந்தக் கம்பெனி மூடப்பட்டது. புத்திசாலித்தனம் என்று பெருமை அடித்துக்கொள்ள ஒன்றுமில்லை, ஏழ்மை காப்பாற்றியது.

அதனால் இசாப்பைச் சம்பளத்தில் சேர்த்துக் கூட்டாதீர்கள். அது வந்தால் தீபாவளி போனஸ், வராவிட்டால் வழக்கமான மாதம். அதைக் காட்டி மாதச் சம்பளத்தைக் குறைக்கச் சொன்னால், விட்டுப் போனபின் வாங்க எத்தனை நாள் அவகாசம் என்று கேளுங்கள். பதில் தெரியாமல் எச்.ஆர். விழித்தால் அந்தக் காகிதத்துக்கு அவர்களே எவ்வளவு மதிப்பு வைத்திருக்கிறார்கள் என்பது விளங்கிவிடும்.

அப்புறம் நான் போனது கோயம்புத்தூர். மோட்டார் பம்ப் செய்யும் குடும்ப நிறுவனம். ஸ்டார்ட்அப்பும் இல்லை, பன்னாட்டுக் கம்பெனியும் இல்லை. இந்த மூன்றாவது வகை நம் பிள்ளைகள் கண்ணில் படுவதே இல்லை, வெளிநாட்டுப் பெயரும் இல்லை, பீன் பேகும் இல்லை. ஆனால் விற்பனை கற்றுக்கொள்ள அருமையான இடம். மாசியிலிருந்து வைகாசி வரை சீசன். கிணறு வற்ற வற்ற ஆர்டர் ஏறும். முதலாளி வெள்ளிக்கிழமை தோறும் டீலர் பாக்கியை ஒவ்வொன்றாகக் கேட்பார். விற்றது பாதி, வசூல் மீதி என்பதை அங்கேதான் படித்தேன். குறையும் உண்டு: சம்பள உயர்வு முதலாளி மனசைப் பொறுத்தது, மேலே போகும் வழி அவர் மகனோடு முடிந்துவிடும்.

இப்போது என்னிடம் 11 பேர் வேலை செய்கிறார்கள். ஊரிலிருந்து தம்பி, தங்கச்சி முறை ஆகிறவர்கள் ஆஃபர் லெட்டரை போட்டோ எடுத்து அனுப்புவார்கள். நான் முதலில் கேட்பது கம்பெனி பெயரை இல்லை. வீட்டுக்கு மாதம் எவ்வளவு அனுப்ப வேண்டும், கடன் தவணை எவ்வளவு, அப்பா சம்பாதிக்கிறாரா என்பதைத்தான். சம்பளத்தில் நிச்சயமான பகுதி மட்டும் வந்தால் குடும்பம் ஓடுமா? ஓடாது என்றால், இன்சென்டிவ் எத்தனை லட்சம் காட்டினாலும் அந்த வேலை வேண்டாம். காசு நெருக்கும்போது எவனும் கரூர் டிஸ்ட்ரிபியூட்டரிடம் உண்மை பேச மாட்டான்; நானே பேசவில்லையே.

அடுத்து, யாருக்குக் கீழே வேலை. முதல் இரண்டு வருடத்தில் கம்பெனியைவிட மேனேஜர்தான் பெரிது. கூடவே கடை ஏறுவாரா, போன் பேசும்போது பக்கத்தில் உட்கார்ந்து கேட்பாரா, இல்லை மாலையில் எக்செல் மட்டும் கேட்பாரா? இன்டர்வியூவில், "உங்களோட ஒரு நாள் பீட் வரலாமா சார்?" என்று கேட்டுப் பாருங்கள். முகத்தைப் பார்த்தாலே தெரியும். ஸ்டார்ட்அப் என்றால் இன்னொரு கேள்வி: முதல் பத்து வாடிக்கையாளர்களை விற்றது யார்? நிறுவனரே அலைந்து விற்றிருந்தால் சரி. இன்னும் யாரும் விற்கவில்லை, நீ வந்துதான் விற்க வேண்டும் என்றால், அது அனுபவமுள்ளவனின் வேலை. புதுசாக வருபவனை அதில் இறக்குவது நீச்சல் தெரியாதவனைக் கிணற்றில் தள்ளுவது மாதிரி. சிலர் நீந்தக் கற்றுக்கொள்வார்கள் என்பது உண்மைதான்.

போன காலாண்டில் டீமில் எத்தனை பேர் டார்கெட் தொட்டார்கள் என்றும் கேட்க வேண்டும். பத்தில் ஆறேழு பேர் என்றால் டார்கெட் மனிதர்களுக்காகப் போட்டது. ஒருவர்தான் என்றால், காட்டப்படும் மொத்தச் சம்பளத்தில் பாதி வெறும் எண். இன்சென்டிவ் விதி எழுத்தில் வேண்டும், எந்தத் தேதி வரை செல்லும் என்பதோடு. அப்புறம், இந்த இடத்தில் உங்களுக்கு முன் இருந்தவர் எங்கே போனார், ஏன் போனார்?

என்னைப் போல வீட்டில் பெரிய பின்பலம் இல்லாதவர்களுக்கு முதல் இரண்டு மூன்று வருடம் ஒழுங்கு உள்ள இடம், அப்புறம் தெரிந்த உலகத்துக்கு விற்கும் ஸ்டார்ட்அப் என்பதுதான் என் வழி. ஆனால் இது எல்லோருக்கும் பொருந்தும் என்று சத்தியம் செய்ய மாட்டேன். தரமணி ஆபீஸில் என் பக்கத்து மேஜையில் ஒரு பெண் இருந்தார். கால் சென்டரிலிருந்து வந்தவர். பைக்கில் ஊர் சுற்றும் பீட் வேலைக்குப் பெண்களை அப்போது பெரும்பாலும் எடுக்கவே மாட்டார்கள். போனிலும் திரையிலும் விற்கும் ஸ்டார்ட்அப் வேலைதான் அவருக்குத் திறந்திருந்த கதவு. என்னைவிட வேகமாகக் கற்றார். ஊரடங்கில் என்னோடுதான் அவருக்கும் வேலை போனது, மூன்று வாரத்தில் வேறு சாஃப்ட்வேர் கம்பெனியில் சேர்ந்துவிட்டார், அமெரிக்க நேரத்துக்கு. மாலை ஆறரைக்குக் கேப் ஏறி விடியற்காலை வீடு திரும்பும் வேலை. சம்பளம் என்னைவிட அதிகம். தூக்கம் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். அவரிடம் போய் முதலில் பெரிய கம்பெனி என்று நான் எந்த முகத்தோடு சொல்வது?

போன மாதம் ஒரு இன்டர்வியூ எடுத்தேன். உடுமலைப்பேட்டைப் பையன், பி.காம்., இருபத்திரண்டு வயது. நான் கேட்டதற்கெல்லாம் சுருக்கமாகப் பதில் சொன்னான். கடைசியில், "நீ ஏதாவது கேக்கணுமா?" என்றேன். கையில் மடித்து வைத்திருந்த காகிதத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "இந்த இடத்துல எனக்கு முன்னாடி இருந்தவர் ஏன் சார் போனாரு?" என்றான்.

யாரோ சொல்லிக்கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். மேஜையில் இருந்த பேனாவை எடுத்து மூடினேன், திறந்தேன். அவர் போனது ஏப்ரலில், சீசன் நடுவில். முதலாளி டார்கெட்டை ஏற்றச் சொன்னார், நானும் மறுபேச்சு பேசாமல் ஏற்றினேன். அதை அப்படியே சொன்னேன். பையன் தலையாட்டிக்கொண்டே காகிதத்தில் என்னமோ குறித்துக்கொண்டான். யோசித்து இரண்டு நாளில் சொல்கிறேன் சார் என்று எழுந்தான்.

டீ சொல்லியிருந்தேன். "குடிச்சிட்டுப் போப்பா" என்றேன்.